மெனாஷேயை எங்கே வைப்பது

வகுப்பறைக் கதவைத் தட்ட உயர்த்திய கையை ஒஸ்னாத் பாதியிலேயே இறக்கிக்கொண்டாள். கண்ணாடி வழியாக நதாவ் தெரிந்தான். நாக்கைத் துருத்திக்கொண்டு மஞ்சள் காகிதத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தான். கத்தரிக்கோல் வால் பக்கம் வந்திருந்தது.

"கூப்பிடட்டுமா?" என்றாள் பள்ளி அலுவலகத்துப் பெண், மெதுவாக.

"முடிச்சுக்கட்டும்."

நதாவின் தாத்தா, அவளுடைய மாமனார் மெனாஷே, அன்று காலை பேரப்பிள்ளைகள் இருவரையும் இதே பள்ளி வாசலில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் இறந்துபோயிருந்தார். பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருந்த பெண் தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறாள். பஸ் வந்தும் எழவில்லை. ஓட்டுநர்தான் இறங்கிவந்து தோளைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். சொந்த ஊரான ஹைஃபாவில் ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவர் மெனாஷே. கடைசியில் இன்னொரு பஸ்காரரின் கையில்தான் முடிந்திருக்கிறார். இதயம் பலவீனம் என்று ஹோபார்ட் மருத்துவருக்கு முன்பே தெரிந்திருந்ததால் சான்றிதழுக்குச் சிக்கல் வரவில்லை.

அவர்கள் ஹைஃபாவிலிருந்து இரண்டு வருடத்துக்கென்று இந்தத் தென்கோடித் தீவு நகரமான ஹோபார்ட்டுக்கு வந்தவர்கள். ஒஸ்னாத்தின் கணவன் கியோராவுக்குக் கடல்பனி ஆராய்ச்சி. தென்துருவத்துக்குக் கப்பல் கிளம்பும் ஊர் இது. இப்போதும் அவன் கப்பலில்தான், பனிக்கு நடுவில் இருந்தான். மாமியார் இறந்த வருடம் அது என்பதால் மெனாஷேயையும் கூட்டி வந்தார்கள். "இங்க தனியா இருந்தா ரேடியோகூடத்தான் சண்டை போடணும்," என்றார் அவர் பெட்டி கட்டும்போது. "அங்க வந்தா ஒஸ்னாத்தோட போடலாம்."

சொன்னபடியே செய்தார். இன்று காலைகூட. "வெள்ளரிக்காய இப்படி வெட்டினா அது சாலட் இல்லம்மா, விறகு."

"அப்ப நீங்களே வெட்டிக்கோங்க மாமா. என் கண்ணு முன்னால வந்து நிக்காதீங்க."

அவரே பொடிப்பொடியாக வெட்டி, எலுமிச்சை பிழிந்து, இரண்டு டப்பாவிலும் அடைத்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாசல் கதவு சாத்தும் சத்தம்தான் கேட்டது.

மணி அடித்ததும் நதாவ் மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். மூத்தவள் ரெவுத் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பன்னிரண்டு வயது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பாவா?"

"இல்ல. தாத்தா."

ரெவுத் நிம்மதியாக மூச்சு விட்டாள். விட்ட மறுநொடியே அதற்காக வெட்கப்பட்டு அழத் தொடங்கினாள். நதாவ் அழவில்லை. "சாயந்திரம் யார் கூட்டிட்டுப் போவாங்க?" என்றான்.

வீட்டுக்கு நடக்கும் வழியில் ரெவுத்தான் கேட்டாள். "அம்மா, தாத்தாவ எங்க வைப்பாங்க?"

ஒஸ்னாத் நதாவின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

கப்பலுக்குத் தொடர்பு கிடைக்க மதியம் ஆயிற்று. அவள் சொன்னது போய்ச் சேர்ந்து, அவன் குரல் திரும்பி வர நேரம் பிடித்தது. அந்த இடைவெளியில் அவன் அழுகிறானா, வெறும் இரைச்சலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வலிச்சுதா?"

"இல்லன்னுதான் சொல்றாங்க. உக்காந்த மாதிரியே இருந்தாராம்."

"கேப்டன்கிட்ட கேட்டுட்டேன். திரும்ப முடியாது. மூணு வாரம் ஆகும் ஒஸ்னாத்."

"என்ன செய்யட்டும்? ஹைஃபாவுக்கு அனுப்பவா? இங்கயே வைக்கவா?"



"நான் இங்கருந்து என்னத்தைச் சொல்ல? நீதான் அங்க இருக்க."

"உன் அப்பா, கியோரா."

"உன்கூடத்தான இருந்தாரு."

இணைப்பு அறுந்துவிட்டது.

ஹைஃபாவில் விடியட்டும் என்று காத்திருந்து கியோராவின் அக்கா பெனினாவைக் கூப்பிட்டாள். பெனினா முதலில் அலறினாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுத் தெளிவாகப் பேசினாள்.

"அம்மா பக்கத்துல இடம் வாங்கிப் போட்டிருக்கு. உனக்கே தெரியும். அனுப்பி வை."

"மூணு விமானம் மாறணும் பெனினா. எத்தனை நாள் ஆகும்னு அவங்களுக்கே தெரியல. அது வரைக்கும் சரக்கோட சரக்கா, துணைக்கு ஒரு ஆள் இல்லாம..."

"அப்ப நீ கூட வா."

"பிள்ளைங்கள யார்கிட்ட விட? எல்லாரும் கிளம்பி வந்துட்டா, கியோரா கரை இறங்குறப்ப அப்பாவும் இல்ல, நாங்களும் இல்ல. அவன் எங்க போய் நிப்பான்?"

"நீங்க டிசம்பர்ல வந்துடுவீங்க. அப்புறம் அப்பாவ அங்க யார் பாப்பா? உனக்கும் அவருக்கும் ஆகாதுங்கிறதுக்காக அவர அங்கயே போட்டுட்டு வந்துடுவியா?"

ஒஸ்னாத் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. முதலில் வைத்தவள் பெனினாதான்.

சாயங்காலம் யூத சபையிலிருந்து லெஸ்லி ஹெர்ஷ் வந்தார். எழுபது தாண்டியவர், பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஊருக்கு வந்த நாளிலிருந்து அவள் அந்தச் சபைக்கு இரண்டு முறைதான் போயிருந்தாள். அதை அவர் குத்திக்காட்டவில்லை.

"உடலத் தனியா விடக் கூடாதுங்கிறது நம்ம வழக்கம், எப்படின்னாலும் ராத்திரிக்கு அவர்கூட நாங்க ரெண்டு பேர் இருக்கோம். அதப் பத்திக் கவலப்படாதீங்க. நாளைக்கு இங்கயே அடக்கமா, இல்ல ஊருக்கு அனுப்பப் போறீங்களா?"

மேசையில் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாக்கள் கிடந்தன. நதாவுடையது திறக்கப்படவே இல்லை. ரெவுத் அதை எடுத்து, நின்றபடியே ஒரு கரண்டியால் சாலட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நீர் விட்டு, வதங்கிப்போயிருந்தது. கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிட்டாள்.

"நாளைக்கு," என்றாள் ஒஸ்னாத். "இங்கயே."

லெஸ்லி தலையசைத்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "இன்னொண்ணு. இறந்தவங்களுக்கான காதிஷ் ஜெபம் சொல்லப் பத்துப் பேர் வேணும். ஆம்பளைங்க மட்டும்னா, வேலை நாள்ல இந்த ஊர்ல ஏழு பேரத் தேத்துறதே பெரும்பாடு. நாங்க பொம்பளைங்களையும் சேத்து எண்ணுறது வழக்கம். உங்க மாமனாருக்கு அது..."

"ஓய்வுநாள்னு பாக்காம சனிக்கிழமையும் பஸ் ஓட்டினவர் அவர். எண்ணுங்க."

லெஸ்லிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். அவளுக்கும் வந்தது. ஆனால் பாதியில் வேறேதோ ஆகி, அவள் எழுந்து குழாயைத் திறந்து, கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

மறுநாள் காற்று பலமாக இருந்தது. ஆற்றை ஒட்டிய சரிவில், பழைய யூதப் பெயர்கள் தேய்ந்துபோன கற்களுக்குச் சற்றுக் கீழே, குழி வெட்டியிருந்தார்கள். லெஸ்லி எண்ணிப் பார்த்தார். ஒன்பது. ஒஸ்னாத்தைப் பார்த்தார். அவள் ஓரடி முன்னால் வந்தாள். பத்து.

மகன் சொல்ல வேண்டியதை மருமகள் சொன்னாள். நடுவில் ஓரிடத்தில் வார்த்தை மறந்துவிட்டது. ரெவுத் காகிதத்தைப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

மண் தள்ளத் தொடங்கும்போது கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. பெனினா. அங்கே அப்போது நடுராத்திரி தாண்டியிருக்கும்.

"ஆரம்பிச்சுட்டீங்களா?"

"இப்பதான்."

"போனக் கிட்ட பிடி."

ஒஸ்னாத் குனிந்து போனைக் குழியின் பக்கம் நீட்டிப் பிடித்தாள். வழக்கப்படி மண்வெட்டியின் பின்புறத்தால் முதல் மண்ணை லெஸ்லி தள்ளினார். பிறகு நதாவ் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டான். ஈரமண். பெட்டியின் பலகையில் விழும் ஓசை மாறி, மண்ணில் மண் விழும் ஓசை ஆகும் வரை அவள் அப்படியே பிடித்திருந்தாள். தோள் வலித்தது.

போனைத் திரும்பக் காதில் வைத்தபோது பெனினாவின் மூச்சு மட்டும் கேட்டது.

"அங்க இருந்து என்ன தெரியுது?" என்றாள் கடைசியில்.

"ஆறு. அக்கரையில வீடுங்க. பெரிய சாலை ஒண்ணு."

"பஸ் போகுதா?"

ஒஸ்னாத் திரும்பிப் பார்த்தாள். "போகுது."

"சரி," என்றாள் பெனினா. சற்றுக் கழித்து, "நீ சாப்பிட்டியா?" என்றாள்.

எல்லாரும் கை கழுவக் குழாயடிக்குப் போனார்கள். ஒருவர் பின் ஒருவராக ஒஸ்னாத்தின் கையைப் பிடித்து, அவள் பெயரைச் சரியாக உச்சரிக்க முயன்று, கார்களுக்குப் போனார்கள். கப்பலிலிருந்து கியோரா காலையில் பேசியபோது, துக்க வழக்கப்படி சட்டையைக் கிழித்துக்கொண்டதாகச் சொல்லியிருந்தான். கப்பலில் எல்லாரும் ஊசி நூல் வேண்டுமா என்று கேட்டார்களாம். கேப்டனைத் தவிர யாரிடமும் காரணம் சொல்லவில்லையாம்.

கல்லறை மேற்பார்வையாளர் அவள் அருகே வந்தார். இளைஞர். காலணியில் மண்.

"கேக்குறதுக்கு மன்னிக்கணும். இத இப்பவே கேட்டாகணும். பக்கத்து இடம், குடும்பத்துக்குன்னு எடுத்து வைக்கணுமா?"

"நாங்க டிசம்பர்ல ஊருக்குப் போயிடுவோம்," என்றாள் ஒஸ்னாத்.

"ஓ. சரிங்க."

அவர் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார். ஒஸ்னாத் அந்தப் பக்கத்து இடத்தைப் பார்த்தாள். அந்த இடத்தில் புல் வெட்டப்படாமல் உயரமாக வளர்ந்திருந்தது. பிள்ளைகள் இருவரும் காற்றுக்கு முதுகைக் காட்டி அதில் உட்கார்ந்திருந்தார்கள். நதாவ் காலை நீட்டினான். ரெவுத் அவன் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.