ஆஸ்திரேலியக் கொக்கு

"வேடந்தாங்கல்காரன் நீ. பறவைங்க பேரெல்லாம் அத்துப்படியா இருக்குமே?"

நாவலூர் அலுவலகத்தின் கேண்டீனில் கவியா இப்படிக் கேட்டபோது, 'தெரியாது' என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். சரவணகுமாரோ தலைமுடியைக் கோதிக்கொண்டு, "ஏதோ கொஞ்சம்" என்றான், அடக்கமாக.

உண்மையில் அவனுக்குத் தெரிந்தது இரண்டே வகை. வெள்ளையாக இருந்தால் கொக்கு, கறுப்பாக இருந்தால் காக்கா.

அன்றிலிருந்து தினமும் காலையில் கவியாவின் போனுக்கு ஒரு பறவைப் படம் போனது, பெயரோடும் பிறந்த நாட்டோடும். நாடு பெரும்பாலும் சைபீரியா. அலுத்துப்போனால் ஆஸ்திரேலியா. பறவைகளுக்கு இவ்வளவு தாராளமாக விசா கொடுத்தவன் வேறு எவனும் இருக்க மாட்டான். கூடவே, 'நீ நீயாக இரு' என்று வாட்ஸப் ஸ்டேட்டஸ் வேறு.

அந்தப் பறவைகளின் முதுகில் ஏறித்தான் காதலும் வளர்ந்தது. அவள் ஊரான புதுப்பட்டினத்துக்கு வந்து அவள் அப்பாவிடம் பேசட்டுமா என்று கேட்டான்.

"முதல்ல உங்க ஏரியைக் காட்டு. அப்பால சொல்றேன்" என்றாள்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஏரிக்கரைக்குக் கூட்டிவந்தான். நடைபாதையில் பறவைகளின் படமும் பெயரும் போட்ட பெரிய பலகை ஒன்று நின்றது. அது எப்போது முளைத்தது என்று ஊர்க்காரனுக்கே தெரியவில்லை. கவியாவின் விரல் ஒரு படத்தில் நின்றது.

"இது கூழைக்கடாவாம். நீ ஆஸ்திரேலியக் கொக்குன்னு அனுப்பின."

"போர்டுல தப்பா போட்டுகிறாங்க."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அபத்தம் என்று அவனுக்கே உறைத்தது.

"எல்லாத்தையுமே தப்பா போட்டுட்டாங்களா?" கவியா போனையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதெல்லாம் டுபாக்கூர்னு ஆபீஸ்ல ஹெலன் சிரிச்சா. உனக்காக அவகிட்ட சண்டை போட்டேன் நானு. ஒரு வாரமா பேசறதில்ல."

அதற்கும் ஒரு சமாளிப்பு தயாராக இருந்தது. ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. இன்னொரு பொய் சொன்னால் அவள் பஸ் ஏறிவிடுவாள் என்று தெரிந்தது.

"எனக்கு ஒண்ணுமே தெரியாது, கவியா. நெட்ல வந்த படத்துக்கு நானே பேரு வச்சேன்."

"அப்ப இவ்ளோ வருஷமா இந்த ஊர்ல இன்னாதான் பண்ணிகினு இருந்த?"

"இதுங்கள திட்டிகினு இருந்தேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பறவை மிரளும்னு எங்க ஊர்ல தீபாவளிக்கு வெடி கெடையாது. வெறும் கம்பி மத்தாப்பு. வெளியூர்க்காரங்க வந்து, இன்னா நல்ல மனசுன்னு பாராட்டுவாங்க. நான் பல்லைக் கடிச்சிகினு நிப்பேன். ஒருதபா செங்கல்பட்டுல அத்தை வூட்டுக்குப் போயி, பொறந்ததுலேர்ந்து வெடிக்காததெல்லாம் ஒரே நாள்ல வெடிச்சேன். விரல் சுட்டுக்கிச்சு. சைக்கிள்லேர்ந்து வுழுந்துட்டேன்னு அம்மாகிட்ட சொன்னேன்."

"நம்பினாங்களா?"

"சைக்கிள்லேர்ந்து வுழுந்தா விரல் கருகுமாடான்னு கேட்டாங்க."

கவியா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு சட்டென்று, "நான் எழுதி அனுப்புற கவிதையெல்லாம் படிக்கிறியா?" என்றாள்.

'மனப்பாடமே ஆயிடுச்சு' என்ற பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சரவணகுமார் அதை எச்சிலோடு சேர்த்து விழுங்கினான்.

"சின்னதா இருந்தா படிப்பேன். பெருசா இருந்தா ஹார்ட் போட்டுட்டுத் தள்ளிடுவேன்."

அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"நாளைக்கு ஹெலன்கிட்ட நீயே வந்து சொல்ற. எங்கிட்ட சொன்னதெல்லாம்."

"சொல்றேன்."

"அப்பால வர்ற ஞாயித்துக்கிழமை எங்க வூட்டுக்கு வா. அப்பா மீன் யாவாரம். மீனைப் பத்தித்தான் பேசுவாரு."

"மீனா? அதுல எனக்கு ஓரளவு..."

கவியா நிமிர்ந்து பார்த்தாள்.

"...சாப்பிடத் தெரியும்" என்று முடித்தான்.