திருகில்லாத ரேடியோ

எழுபத்தெட்டாம் வருஷம் பேத்துப்பாறைப் பெருமாயி ஒரு ரேடியோவைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, கொடைக்கானல் கடைவீதியில் பஷீர் அகமதுவின் மேஜைமேல் வைத்தாள்.

"என்னம்மா கோளாறு?"

"கோளாறு ஒண்ணுமில்ல பாய். நல்லாத்தான் பாடுது. ஸ்டேஷன் மாத்துற இந்தத் திருகு எல்லாத்தையும் எடுத்துடுங்க."

ரேடியோ கடை வைத்த நாளிலிருந்து யாரும் பஷீரிடம் இப்படிக் கேட்டதில்லை. பெருமாயியே விளக்கினாள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பியபின் அவள் புருஷன் வீரையாவுக்குக் கேரட் தோட்டத்தில் காவல் வேலை கிடைத்தது. சிலோன் ரேடியோவில் பாட்டு முடிந்து விளம்பரம் வந்தால் திருச்சிக்குத் திருப்புவான். அங்கே உரம் போடும் விவரம் சொன்னால் மறுபடி சிலோன். போன வாரம் அப்படித் திருப்பிக்கொண்டிருந்தபோது, பட்டப்பகலில், அவன் முதுகுக்குப் பின்னால் காட்டுமாடுகள் ஒரு பாத்தியையே மேய்ந்துவிட்டுப் போயிருந்தன.

"இன்னொரு தடவ மேஞ்சா வேலை போயிரும்னு மொதலாளி சொல்லிட்டாரு."

"அப்ப ரேடியோவே வேணாமேம்மா?"

"பாட்டு இல்லாட்டி உக்காந்தபடியே தூங்கிருவாரு. கேக்குறதுல தப்பில்ல பாய். தேடுறதுதான் சோலியக் கெடுக்குது."

பஷீர் அன்று மதியம் சாப்பிடப் போக மறந்தார். முள்ளைச் சிலோனில் நிறுத்தி, அசையாதபடி உள்ளே அரக்கு வைத்தார். திருகுகளைக் கழற்றி ஓட்டைகளை அடைத்தார். சீக்கிரம் தீராதபடி பெரிய டார்ச் பேட்டரிக் கட்டைகள் போடும் மரப்பெட்டி செய்து, ஒரே ஒரு சுவிட்ச் வைத்தார். பாடும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். அவருக்கே அதைப் பார்க்கப் பிடித்திருந்தது.

மறுநாள் வீரையா வந்து நின்றான். "என்ன பாய், பொட்டிக்குக் கையக் கால வெட்டிட்டீங்க?"

"ஒரு வாரம் கேட்டுப் பாருங்க. புடிக்கலைன்னா திருகு இங்கேயே கெடக்கு, மாட்டித் தர்றேன்."

வீரையா திரும்பி வரவில்லை. பெருமாயிதான் வந்தாள். காட்டுமாடு வந்ததாம், வீரையா பார்த்தானாம், தகரத்தைத் தட்டினானாம், போய்விட்டதாம். அவளோடு பள்ளங்கியிலிருந்து இரண்டு காவல்காரர்களும் தங்கள் ரேடியோக்களோடு வந்திருந்தார்கள்.

அடுத்த சில வருஷங்களில் மலைச்சரிவெங்கும் திருகில்லாத ரேடியோக்கள் பாடின. திருக ஒன்றும் இல்லாததால் தேயவும் ஒன்றும் இல்லை. ஒன்றுகூடப் பழுதுபார்க்கத் திரும்பி வரவில்லை. பஷீருக்குப் பெருமையாக இருந்தது. அதைச் சொல்லக் கடையில் ஆள்தான் இல்லை.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. இனி ஈ ஓட்டலாம்" என்று அவர் மனைவி சுலைகா கடை முன்னால் குடைகளைத் தொங்கவிட்டாள். மலைக்காற்றில் அவை ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. வாங்கியவர்களே மறுபடி வாங்கினார்கள். வியாபாரம் நிமிர்ந்தது.

பஷீர் ஒரு குடையை விரித்து, வளைந்த கம்பியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கம்பிய மட்டும் கொஞ்சம் தடிமனாப் போட்டா..."

"கைய வைக்காதீங்க" என்றாள் சுலைகா.