கேபிள் இல்லாத ரீடிங்

முதல்லயே சொல்லிடறேன், இந்தக் கதையில முட்டாள் நான்தான். வேற யாரையாவது கை காட்டலாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சுப் பார்த்தேன். எங்க மேனேஜர் தங்கமணி எவ்வளவு முயற்சி பண்ணியும் ரெண்டாவது இடத்துக்குத்தான் வர்றாரு.

என் பேரு மாடசாமி, சொந்த ஊரு கோவில்பட்டி. 2005-ல ஓசூர் சிப்காட்டுல ஒரு கம்பெனியில கம்ப்யூட்டர் ஆளா இருந்தேன். கம்பெனின்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. மூணு ஷெட்டு, அம்பது பேரு, வாசல்ல ஒரு பிள்ளையாரு. வண்டி இன்ஜினுக்குள்ள போற பின்னு செஞ்சு பெரிய கம்பெனிக்கு அனுப்புறதுதான் பொழப்பு. ஒவ்வொரு பின்னும் இருபத்தஞ்சு மில்லிமீட்டர் விட்டம் இருக்கணும். 25.010 வரைக்கும் போனா மன்னிச்சு விடுவாங்க. அதுக்கு மேல போனா பெட்டியோட திருப்பி அனுப்பிடுவாங்க.

எங்க கம்பெனியில அந்த மன்னிப்பைக் குடுக்கிறதும் மறுக்கிறதும் பவுலினா அக்கா. எலத்தகிரியில இருந்து தினமும் கம்பெனி வேன்ல வருவாங்க. பதினோரு வருஷமா இன்ஸ்பெக்ஷன் டேபிள், கையில மைக்ரோமீட்டர். ஆப்பரேட்டர்ங்க தமிழ்ல சண்டைக்கு வந்தா தமிழ்ல, தெலுங்குல வந்தா தெலுங்குல, கன்னடத்துல வந்தா கன்னடத்துல திட்டி அனுப்புவாங்க. அவங்க தேறாதுன்னு சொன்ன பின்னு எந்த மொழியிலயும் தேறாது.

இப்படிப் போய்க்கிட்டு இருந்தப்பதான் தங்கமணி சாருக்கு ஆசை வந்துச்சு. எல்லாப் பின்னையும் கம்ப்யூட்டர் அளக்கணும், அதைப் பெரிய கம்பெனிக்காரங்க பார்த்து வாயைப் பொளக்கணும். எலக்ட்ரானிக் கேஜு ஒண்ணு வாங்கிட்டாரு. பின்னை அதுல வச்சு கீபோர்டுல என்டர் தட்டினா, கேஜுல இருந்து ஒரு கேபிள் வழியா ரீடிங் கம்ப்யூட்டருக்கு வரும். கேஜுல தனியா டிஸ்ப்ளே எதுவும் கிடையாது. ஸ்கிரீன்ல என்ன வருதோ அதுதான் தீர்ப்பு, அதுக்குப் புரோகிராம் எழுத வேண்டியது நான்.

ஜாவாவுல எழுதினேன். அதுல ரீடர்னு ஒண்ணு உண்டு. புரோகிராம் அதுக்கிட்ட அடுத்த எழுத்து குடுன்னு கேக்கும், அது ரெண்டு, அஞ்சு, புள்ளி, சைபர்னு ஒவ்வொண்ணா எடுத்துக் குடுக்கும். அந்த எழுத்து கேபிள் வழியா வருதா, ஃபைல்ல இருந்து வருதா, இல்ல நாமளே புரோகிராமுக்குள்ள எழுதி வச்ச ஸ்ட்ரிங்குங்கிற எழுத்துக் கோர்வையில இருந்து வருதான்னு வாங்குற பக்கத்துக்குத் தெரியாது. எந்த அடுப்புல வெந்த சோறுன்னு வாய் கேக்குதா என்ன? ஸ்ட்ரிங்ல இருந்து எடுத்துக் குடுக்குற ஆளுக்குப் பேரு ஸ்ட்ரிங்ரீடர். புரோகிராம் ஒழுங்கா ஓடுதான்னு சோதிச்சுப் பார்க்க அதைவிட நல்ல சாமான் கிடையாது.

திறப்பு விழா அன்னைக்குப் பெங்களூர்ல இருந்து வர வேண்டிய கேபிள் வரலை. பெரிய கம்பெனி ஆளுங்க பத்து மணிக்கு வர்றாங்க. தங்கமணி சார் என் சட்டையைப் பிடிக்காத குறை. நான்தான் கெட்டிக்காரனாச்சே. பவுலினா அக்காவோட பழைய நோட்டுல எல்லாப் பின்னும் தேறின ஒரு நல்ல நாளாப் பார்த்து நாப்பது ரீடிங்கை எடுத்தேன். அதை ஒரு ஸ்ட்ரிங்கா டைப் பண்ணி ஸ்ட்ரிங்ரீடர்கிட்ட குடுத்தேன், நாப்பதும் முடிஞ்சா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். கேபிள்ல இருந்து படிக்கிற வரிக்கு முன்னாடி ரெண்டு சாய்கோடு போட்டுத் தூங்க வச்சேன்; சாய்கோடு போட்ட வரியைக் கம்ப்யூட்டர் கண்டுக்காது. வந்தவங்க பின்னை வச்சாங்க, என்டர் தட்டினாங்க, பச்சைக் கலர்ல 25.004 ஓகேன்னு வந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க, பூசணிக்காய் உடைச்சாங்க, பிரியாணி போட்டாங்க. கேபிள் இல்லாம எப்படி ஓடுச்சுன்னு தங்கமணி சார் கேக்கலை, நானும் சொல்லலை.

அன்னைக்குச் சாயங்காலமே நான் ஊருக்கு பஸ் ஏறிட்டேன். அத்தை மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நான் இல்ல, அது வேற சோகம். நாலு நாள் கழிச்சு வந்து பார்த்தா கேபிள் வந்து எலக்ட்ரீஷியன் மாட்டியிருந்தாரு, ஸ்கிரீன்ல ரீடிங் சரசரன்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு. நல்லதாப் போச்சுன்னு டீ குடிக்கப் போயிட்டேன். அந்த வரியை மாத்தணும்னு நினைச்சது, மாத்திட்டதாவே மண்டையில பதிஞ்சு போச்சு.

அப்புறம்தான் தகராறு ஆரம்பிச்சுது. பவுலினா அக்கா பழக்கதோஷத்துல மைக்ரோமீட்டர்லயும் அளந்து பார்ப்பாங்க. அவங்க அளந்தா 25.016, கம்ப்யூட்டர் 25.003 ஓகேங்குது. ஒண்ணு ரெண்டுன்னா பரவாயில்ல, தினமும் பத்துப் பதினஞ்சு. தனியா எடுத்து வச்சுட்டு தங்கமணி சாரைக் கூட்டிட்டு வந்தாங்க. மைக்ரோமீட்டரைத் தொட்டு வருஷக்கணக்கான அந்த மனுஷன் நேரா என்கிட்ட வந்து, உன் கம்ப்யூட்டர் தப்பு சொல்லுமாப்பான்னு கேட்டாரு.

"கம்ப்யூட்டர் எங்க சார் தப்பு சொல்லும்? மனுஷங்கதான் சொல்லுவாங்க," அப்படின்னேன்.

அந்த வாயில கொள்ளியைத்தான் வைக்கணும். அக்கா எடுத்து வச்ச பின்னையெல்லாம் திரும்பப் பெட்டியில போடச் சொன்னாரு, ஷீட்டுல அக்காவையே கையெழுத்துப் போடவும் வச்சாரு. ரிஜெக்டே இல்லைன்னு போர்டுல எழுதி ஸ்வீட் குடுத்தாரு. அம்பது பேரு வேலை செய்யிற இடத்துல ஒரு பின்னு கூடக் கோளாறு இல்லைன்னா ஏதோ கோளாறுன்னு ஒருத்தருக்கும் தோணலை. நல்ல சேதியை யாரு சந்தேகப்படுவா?

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துட்டு, அக்காவுக்குக் கண்ணுல பிரச்சினைன்னு தங்கமணி சார் முடிவு கட்டிட்டாரு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கண்ணாடிக் கடைக்கு அனுப்பினாரு. கண்ணாடிக் கடைக்குப் போய், கண்ணு நல்லாருக்குன்னு சொல்லக் கேட்டுத் திரும்பி வந்தவன் உலகத்துல உண்டா? லேசா பவர் இருக்கு, போட்டுக்கிட்டா நல்லதுன்னு கடைக்காரன் மாட்டி விட்டுட்டான். அன்னையில இருந்து அக்காவுக்குத் தலைவலி. வேன்ல ஏறும்போது படி தடுக்குச்சு. பைபிளைத் திறந்தா எழுத்தெல்லாம் ஆடுதுன்னு சொன்னாங்க.

இதுக்கு நடுவுல நான் செஞ்ச இன்னொரு காரியத்தையும் சொல்லிடணும். ஒரு நாள் அக்கா மைக்ரோமீட்டரை என்கிட்ட நீட்டி, இது எவ்வளவு காட்டுது தம்பின்னு கேட்டாங்க. எனக்கு அதைப் பார்க்கவே தெரியாது. தெரியாதுன்னு சொல்ல மானம் விடலை. ஸ்கிரீனை ஒரு ஓரப்பார்வை பார்த்துட்டு 25.004-ன்னு அடிச்சு விட்டேன். அக்கா கொஞ்ச நேரம் மைக்ரோமீட்டரையே பார்த்துட்டு, அப்ப எனக்குத்தான் தெரியலை போலிருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க.

பத்தொம்பதாவது நாள் காலையில ஸ்டோர்ஸுக்குப் போற வழியில இன்ஸ்பெக்ஷன் டேபிளைப் பார்த்தேன். ஷெட்டைக் கூட்டுற லட்சுமியம்மாளோட தொடப்பத்துல மாட்டி கேபிள் கழண்டு தரையில கிடக்கு. மேல அக்கா பின்னை வச்சு என்டர் தட்டுறாங்க. 25.007 ஓகே. இன்னொண்ணு. 25.002 ஓகே.

ஓடிப் போய் என் சிஸ்டத்துல புரோகிராமைத் திறந்தேன். கேபிள் வரி அதே ரெண்டு சாய்கோட்டோட நிம்மதியாத் தூங்குது. ஸ்ட்ரிங்ரீடர் பத்தொம்பது நாளா அந்த நாப்பது ரீடிங்கையே திரும்பத் திரும்ப ஓதிக்கிட்டு இருந்திருக்கு. அதுவும் யாரோட ரீடிங்? பவுலினா அக்கா கண்ணால பார்த்து, கையால எழுதினது. அதை வச்சே அவங்களைக் குருடியாக்கியிருக்கேன், சவத்துப்பய.

யோக்கியன்னா அப்பவே போய்ச் சொல்லியிருக்கணும். எனக்கு அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி பர்மனென்ட் ஆர்டர் வர இருந்துச்சு. அதனால சாப்பாட்டு நேரத்துல யாரும் இல்லாதப்ப கேபிளை மாட்டி, வரியை மாத்தி, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி வந்து உக்காந்துட்டேன்.

சாயங்காலத்துக்குள்ள கம்ப்யூட்டர் பதினோரு பின்னை ரிஜெக்ட் பண்ணுச்சு. அக்காவும் அதே பதினொண்ணைத்தான் எடுத்து வச்சிருந்தாங்க. இனி எல்லாம் சரியாகிடும்னு நான் நினைச்சேன். தங்கமணி சார் வந்து ஸ்கிரீனையும் அக்கா எடுத்து வச்சதையும் பார்த்துட்டு, கண்ணாடி எப்படி வேலை செய்யுது பார்த்தியான்னு பூரிச்சுப் போயிட்டாரு. அதைவிடக் கொடுமை, அக்காவும் அதையே நம்பினாங்க. மறுநாள் எனக்குன்னு தனி டப்பாவுல ராகிக்களியும் கோழிக்குழம்பும் கொண்டு வந்தாங்க. உன் கம்ப்யூட்டர் மட்டும் வரலைன்னா கண்ணு கெட்டதே தெரியாம இருந்திருப்பேன் தம்பி, மாதாதான் உன்னை அனுப்புனாங்கன்னு சொன்னாங்க. களியை மெல்லக்கூடாது, முழுங்கணும்னு ஓசூருக்கு வந்த புதுசுலயே கத்துக்கிட்டவன் நான். அன்னைக்கு முழுங்கவும் முடியலை.

சனிக்கிழமை வேன்ல பெட்டிங்க திரும்பி வந்துச்சு. பழைய பத்தொம்பது நாள் சரக்கு, பெட்டிக்குப் பெட்டி சைஸ் அதிகமான பின்னு கிடக்குதுன்னு பெரிய கம்பெனிக்காரங்க சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தாங்க. தங்கமணி சாருக்குக் காரணம் கண்டுபிடிக்க அஞ்சு நிமிஷம் கூட ஆகலை. கம்ப்யூட்டர் தப்பு சொல்லாது. அப்ப கண்ணு தெரியாத பொம்பளை எந்தப் பெட்டியில எதைப் போட்டுச்சோ. ஷீட்டுல அவங்க கையெழுத்துதானே இருக்கு. இதுல தர்க்கம் தேடாதீங்க, அவரு மேனேஜரு.

மூணு மணிக்கு என்னை ரூமுக்குக் கூப்பிட்டாரு. பவுலினா அக்கா எதிர்ல நின்னுக்கிட்டு இருந்தாங்க. தமிழ்ல ஒரு லெட்டர் அடிக்கணும்ப்பா, நான் சொல்லச் சொல்ல அடின்னாரு. உக்காந்தேன். என் கண்பார்வைக் குறைவின் காரணமாக ஏற்பட்ட தவறுக்குப் பொறுப்பேற்று, வேலையிலிருந்து நானாகவே விலகிக்கொள்கிறேன். அவரு சொல்றாரு, நான் ஒவ்வொரு எழுத்தாத் தட்டுறேன். பதினோரு வருஷ வேலை அஞ்சு வரியில முடியுது. சார் சொல்றது சரிதான், என் கண்ணாலதான் கம்பெனிக்குக் கெட்ட பேருன்னு சொல்லிட்டு, அக்கா கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினாங்க.

நான் எழுந்துட்டேன்.

"அக்கா, உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல," அப்படின்னேன்.

என்னப்பா உளர்றேன்னாரு தங்கமணி சார். சட்டைப் பையில, வரியை மாத்துறதுக்கு முன்னாடி பழைய புரோகிராமைக் காப்பி எடுத்த ஃப்ளாப்பி கிடந்துச்சு. அதை அந்த மூணு நாளா ஏன் சுமந்துக்கிட்டு அலைஞ்சேன்னு கேட்டா எனக்கே பதில் தெரியாது. அவரோட மேஜை மேல இருந்த சிஸ்டத்துலயே அதைப் போட்டு ஓட விட்டேன். என்டர் தட்டினேன். 25.004 ஓகே. இன்னொரு தடவை தட்டினேன், 25.007 ஓகே.

அவரு மேஜைக்கு அடியில குனிஞ்சு பார்த்தாரு. "இங்க கேஜு எங்கப்பா இருக்கு?"

"அதான் சார், இல்ல."

அப்புறம் எல்லாத்தையும் சொன்னேன். ஸ்ட்ரிங்கு, சாய்கோடு, அத்தை மக கல்யாணம், தொடப்பம், எதையும் விடலை. மைக்ரோமீட்டரைப் பார்க்கத் தெரியாமலே பொய் சொன்னதையும் சொன்னேன். அந்த நாப்பது ரீடிங்கும் உங்க நோட்டுல இருந்து எடுத்ததுதான்க்கான்னு சொல்லி முடிச்சேன். தங்கமணி சார் முதல்ல பர்மனென்ட் ஆர்டரை இந்த ஜென்மத்துல நீ பார்க்க மாட்டேன்னாரு. பெரிய கம்பெனிக்காரங்க காதுக்கு மட்டும் இது போகக்கூடாதுன்னாரு. கடைசியில, சரி பவுலினா, லெட்டர் வேண்டாம், போய் வேலையைப் பாருன்னு பெரிய மனசு பண்ணி விட்டுக் குடுத்தாரு.

அக்கா போகலை. கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வச்சாங்க. மூக்குல ரெண்டு பக்கமும் செவந்து தடம் விழுந்திருந்துச்சு. என்னைத் திட்டுவாங்க, ஓங்கி ஒண்ணு விடுவாங்கன்னு காத்துக்கிட்டு நின்னேன். விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"பதினோரு வருஷத்துல என் கண்ணு சரியா இருக்கான்னு நான் யாரையும் கேட்டதில்ல தம்பி," அப்படின்னாங்க. "போன வாரம் கெட்டுப் போச்சுன்னு சொன்னீங்க, நம்பினேன். இப்ப நல்லாருக்குன்னு சொல்ற. இதையும் நீ சொல்லித்தானே நான் நம்ப வேண்டியிருக்கு."

நான் ஸ்கிரீன் பக்கம் திரும்பி அந்த லெட்டரைக் கடைசி எழுத்துல இருந்து ஒவ்வொண்ணா அழிச்சேன். வேற என்ன செய்யிறதுன்னு எனக்குத் தெரியலை.