மாதுளைக்கு மூன்று வருடம்

அக்டோபர் நடுப்பகுதியில், மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் சமூகத் தோட்டத்தின் படலைப் பூட்டுத் திறப்பை அக்னெஸ் திருப்பி ஒப்படைத்தாள். பதினொரு வருடமாக அவள் கையில் இருந்த பாத்தி. பக்கத்துப் பாத்திக்காரி றோசாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"பாத்தியைத்தான் விட்டிட்டாய். ஃபிளாட்டையாவது வைச்சிரு. ஜூன் முடியுமட்டும் லீஸ் கிடக்குத்தானே."

"மகன் விருந்துக்குக் கூப்பிடேல்லை, றோசா. இனி இஞ்சையே இருங்கோ எண்டு கூப்பிடுறான்."

றோசாவின் நச்சரிப்புத் தாங்காமல் ஃபிளாட்டை மட்டும் விட்டுவைத்தாள்.

அக்னெஸுக்கு அறுபத்தேழு வயது. மன்னாரிலிருந்து வந்தவள், கணவன் இறந்து ஒன்பது வருடம். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் பல்கலைக்கழகக் கண்ணாடி வீடுகளில் பூச்சாடி கழுவத் தொடங்கி, நாற்றுப் பார்க்கிற ஆளாக ஓய்வு பெற்றவள். ஒரே மகன் டெனிஸ்டன், மனைவி ஜெயனியோடு அமெரிக்காவில், பாலைவனத்து பீனிக்ஸ் நகரில் இருந்தான். பின்வளவு முழுக்க வெறும் சரளை, அம்மாவின் கை பட்டால்தான் அதில் பச்சை வரும் என்று அவன் தொலைபேசியில் மூன்று தரம் சொல்லியிருந்தான். அவளுக்கு உச்சி குளிர்ந்து போயிற்று.

மொன்றியலில் மண் இறுகத் தொடங்குகிற நேரத்தில் அங்கே விதைக்கிற காலம் தொடங்கியது. கோடை வெய்யில் எல்லாவற்றையும் பொசுக்கிவிடும். முள்ளங்கியும் கரட்டும் கொத்தமல்லியும் குளிர் வருகிற மாதங்களில்தான் எழும்பும். சரளையை வாரி ஒதுக்கினால் ஒரு சாண் கீழே சுண்ணாம்பாக இறுகிய வெள்ளைத் தட்டு. போய் இறங்கிய மறுநாளே தொடங்கி, அலவாங்குக் கம்பியால் பத்து நாள் உடைத்தாள். குழியில் தண்ணீர் நிரப்பி, வடிய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்திருந்தாள். பசளை கலந்தாள், வைக்கோல் பரப்பினாள், மத்தியான வெய்யிலுக்கு நிழல்துணி கட்டினாள், முயல் வராமல் வலை அடித்தாள். நாரி விட்டுப் போயிற்று, இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. விதைத்த ஐந்தாம் நாள் முள்ளங்கி இரண்டு இலை விட்டபோது அந்த நோவு எங்கே போனதென்று தெரியவில்லை.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் தாயும் மகனும் நாற்றுக்கடைக்குப் போனார்கள். ஒரு மாதுளங்கன்றைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது காய்க்க மூண்டு வருசம் செல்லும் எண்டு கடைக்காரன் சொல்லுறான் தம்பி. பறவாயில்லை, என்ன?"

"ஓம் அம்மா, வாங்குங்கோ," என்றான் டெனிஸ்டன்.

நவம்பர் கடைசிக் கிழமை, மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, கமெராவோடு ஒரு பெண் வந்தாள். ஜெயனியின் சிநேகிதியாக்கும் என்று அக்னெஸ் தேத்தண்ணி கொடுத்தாள். அவள் பாத்திகளை நாலு பக்கமும் நின்று படம் எடுத்தாள். தண்ணீர்க் குழாயைச் சற்று ஒதுக்கச் சொன்னாள். அருமையான வேலை, சனிக்கிழமை வீடு பார்க்க வருகிறவர்கள் இதைக் கண்டாலே மயங்கிவிடுவார்கள் என்றாள். அக்னெஸின் ஆங்கிலம் கொஞ்சம்தான். அதை விளங்க அந்தக் கொஞ்சமே போதுமாயிருந்தது.

பின்னேரம் வந்த டெனிஸ்டன் சப்பாத்தைக் கழற்றுமுன் கேட்டாள்.

"வீட்டை விக்கிறியோ?"

அவன் மனைவியைப் பார்த்தான்.

"ஆறு மாசத்துக்கு முதலே முடிவெடுத்தது மாமி," என்றாள் ஜெயனி. "சியாட்டிலிலை வேலை. அங்கை ஓரறை வீடுதான். உங்களுக்குச் சொல்லச் சொல்லி இவரிட்டை எத்தினை தரம் சொன்னனான்."

"அப்ப நான்?"

"உங்களுக்கு மொன்றியல்தானே அம்மா பழக்கம்," என்றான் மகன்.

"மாதுளை வாங்கேக்கை நீ எனக்குப் பக்கத்திலைதானே நிண்டனி?"

அவன் குளிக்கப் போனான்.

சனிக்கிழமை விடிய அக்னெஸ் பின்வளவுக்குப் போனாள். முள்ளங்கியைப் பிடுங்கினாள். கொத்தமல்லியைப் பிடி பிடியாக இழுத்தாள். மாதுளங்கன்றைக் கிண்டி எடுத்தாள். எல்லாவற்றையும் ஐந்து கறுப்புப் பைகளில் அடைத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். கரட்டைப் பிடுங்கும்போது மட்டும் கை தயங்கியது; சுண்டுவிரல் பருமன்கூட வரவில்லை.

"உங்களுக்கு விசரே?" என்று டெனிஸ்டன் வாசலில் நின்று கத்தினான். "சனம் பத்து மணிக்கு வருது!"

"நான் நட்டதைத்தான் பிடுங்கினனான்," என்றாள். "மிச்சத்தை வித்துக்கொள்."

நாலாம் நாளே வீடு விலைப்பட்டது. வாங்கியவர்கள் நீச்சல் குளம் கட்டப்போகிறார்களாம்; கிண்டிய வளவு வசதியாய்ப் போயிற்று என்றார்களாம். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் ஜெயனிதான் சொன்னாள். டெனிஸ்டன் வழியனுப்ப வரவில்லை.

மொன்றியலில் றோசா பனிச் சப்பாத்தோடு காத்திருந்தாள். அடுத்த நாள் இருவருமாகத் தோட்டப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். பாத்தி வேறு ஆளுக்குப் போய்விட்டது, புதிதாகப் பதிந்தால் ஐந்தாறு வருடம் ஆகலாம் என்று அங்கிருந்த பெண் பிரெஞ்சில் பணிவாகச் சொன்னாள். அக்னெஸ் மனதுக்குள் தன் வயதைக் கூட்டிப் பார்த்தாள். பிறகு பெயரைக் கொடுத்தாள்.

நத்தார்ப் பண்டிகை அன்று டெனிஸ்டன் தொலைபேசி எடுத்தான்.

"அம்மா, கோவமோ?"

"இல்லை. கொஞ்சம் அலுவலா நிக்கிறன். பேந்து கதைப்பம்."

தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, ஒரு அலுவலும் இல்லாமல் குசினிக்குள் நின்றாள்.