ஆதிகேசவன் சொன்ன மான்

ருக்கு தன் புருஷனின் தாடையைச் சேர்த்து, தலையைச் சுற்றி வெள்ளைத் துணியால் கட்டினாள்.

"இன்னும் இறுக்கிக் கட்டுக்கா. போற எடத்துலயாவது புளுகாம இருக்கட்டும்" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்வம்மாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். ருக்குவும் சிரித்துக்கொண்டே இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

மகள் தேவகிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய நைனா ஆதிகேசவன் வாயைத் திறந்தால் புளுகு ஏரி கொள்ளாதுதான். ஒல்லாந்தர் கோட்டைச் சிவப்புத் தாடி வெள்ளைக்காரன் ஒருவனை மீன் வலையில் பிடித்து, விலைக்குத் தேறமாட்டான் என்று திரும்பத் தண்ணீரிலேயே விட்டதாகச் சொன்னவர். ஆனால் கடைசியாகச் சொன்ன மான் கதையை அவர் சிரிக்காமல் சொன்னார். ஏரிக்கரைக் காட்டு மான்களுக்குத் தலைக்குள் காய்ச்சல் கண்டிருக்கிறதாம். ஆளைக் கண்டும் ஓடாமல் செக்குமாடு மாதிரி சுற்றுகின்றனவாம். சுலபமாகக் கிடைக்கிறதே என்று அந்தக் கறியைத் தொடக் கூடாதாம். குப்பமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "காய்ச்ச மானுக்குக் கஞ்சி வச்சுக் குடுத்தியா?" என்று ருக்குவே கேட்டாள். அவர் மண்ணுக்குள் போவதற்குள் யாராவது ஒருத்தர் அது நிஜம் என்று சொல்லிவிடமாட்டார்களா என்று தேவகிக்கு மனசு அடித்துக்கொண்டது.

கல்யாணச் சாவு. பறைக்கு ஆட்டம் போட்டுக்கொண்டே பாடையைத் தூக்கிப் போனார்கள். குப்பத்து எல்லையில் பாடையை இறக்கித் திருப்பி வைப்பது வழக்கம். பெண்கள் அதற்கு மேல் போவதில்லை.

இறக்கிய நேரம், முட்புதரிலிருந்து ஒரு புள்ளிமான் வந்தது. பறைக்கும் மிரளவில்லை, நாய்க்கும் மிரளவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி, பாடைக்குப் பக்கத்திலிருந்த ஒற்றைப் பனையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"அண்ணனே மானா வந்துட்டாரு" என்று செல்வம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பாடை கட்டிய சம்பந்தம் அரிவாளை எடுத்தான். "கும்புட்டது போதும். உப்புக்கண்டம் போட்டா கருமாதிக்குக் கறி ஆச்சு."

"அரிவாளக் கீழ போடு, சம்பந்தம்" என்றாள் ருக்கு. "தலைக்குள்ள காய்ச்ச கண்ட மான் அது. அதத் தொடாதீங்க."

"யாரு சொன்னது அண்ணி?"

"என் வூட்டுக்காரரு சொன்னாரு."

கூட்டம் மானைப் பார்த்தது, பாடையைப் பார்த்தது. முதலில் சம்பந்தம்தான் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். அப்புறம் பறைக்காரர்கள் வரை எல்லோரும் சிரித்தார்கள். தேவகிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

ருக்கு பாடையருகே குனிந்து, தாடைக்கட்டின் இரண்டு முடிச்சுகளையும் அவிழ்த்துவிட்டாள்.