கேங்ஸ்டர் வீரமணியின் கல்யாணம்

1

இந்தக் கதை கிடைத்தது பாடாலூரில், பஸ் ஜன்னல் வழியாக. ஒரு கல்யாண பேனர். கூலிங் கிளாஸ் போட்ட மாப்பிள்ளைக்கு நண்பர்கள் கொடுத்திருந்த பட்டம் 'கேங்ஸ்டர்'. சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்று இன்னும் விளங்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "பெரம்பலூரையே ஆட்டிப்படைக்கும் வீரமணி..."

சரிவரவில்லை. வீரமணி பால் வண்டி ஓட்டுபவன். தெருநாய் குரைத்தால் வண்டியை விட்டே இறங்க மாட்டான்.

(நடுவில் ஒரு குறிப்பு: பேப்பரில் 'மர்ம கும்பல்'. போலீசுக்குக் 'கூலிப்படை'. தெருவில் 'ரவுடிப் பசங்க'. கல்யாண பேனரில் மட்டும் 'கேங்ஸ்டர்'. எல்லாரும் ஒரே ஆளைத்தான் சொல்கிறார்களா? குழம்பிப்போய் இருக்கிறேன்.)

3

மணப்பெண் கவியா ஜெயங்கொண்டத்துக்காரி. அவள் அண்ணன் திருமுருகனை முந்திரித் தோப்பு ஓரத்தில் கூலிப்படை வெட்டிப்போட்டது. காரணம் எழுத ஆரம்பித்து, "அவன் செய்த ஒரே..." என்பதோடு விட்டுவிட்டேன். ஆள் மாறி வெட்டிவிட்டார்கள். அதற்குமேல் அந்தக் குடும்பத்துக்கே தெரியாது.

பெண் அழைப்பு வேன் மண்டப வாசலில் வந்து நின்றது. எதிரே பேனர். 'கேங்ஸ்டர் வீரமணி'. அவள் அப்பா செல்லக்கண்ணு அதைப் படித்தார், இறங்கவில்லை.

வீரமணி ஓடி வந்தான்.

"மாமா, பசங்க சும்மா மாஸுக்குப் போட்டுட்டானுங்க. இப்பவே கழட்டிடறேன்."

செல்லக்கண்ணு பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார். கவியாதான் கேட்டாள்.

"அச்சடிக்கறதுக்கு முன்னாடி பேனர் கடைக்காரரு உங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பியிருப்பாருல்ல?"

"அனுப்புனாரு."

(இங்கே "நான் பாக்கவே இல்ல" என்று அவனைச் சொல்லவைக்கப் பார்த்தேன். அந்த ஒரு பொய் போதும், கல்யாணம் நடந்துவிடும். சொல்ல மாட்டேன் என்கிறான்.)

"பாத்தேன். சூப்பர்னு பதிலும் போட்டேன். உங்கண்ணன் ஞாபகமே வரல, கவியா."

4

முடிவு ஒன்று: வேன் திரும்பிவிடுகிறது. முடிவு இரண்டு: பேனரை இறக்குகிறார்கள், மேளம் கொட்டுகிறது. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் கவியா அழுகிறாள். மூன்றாவதாக ஒன்று, அவள் சிரித்தபடி... வேண்டாம்.

"எறங்குறியாம்மா, இல்ல ஊருக்கே போயிடுவமா?" என்கிறார் செல்லக்கண்ணு.

மறந்தானே என்று அவளுக்கு ஆத்திரம். பொய் சொல்லவில்லையே என்று ஒரு ஆறுதல். எது பெரிது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பெண்ணைக் கைபிடித்து வேனிலிருந்து இறக்க வேண்டியவன் கூடப்பிறந்தவன். கதவு திறந்திருக்கிறது. அவள் கையை நீட்டிவிட்டாள். அந்த இடத்தில் ஆள் இல்லை.

படிக்கிற நீங்கள் அங்கே வந்து நில்லுங்கள். தங்கைக்கு என்ன சொல்லப்போகிறீர்கள்?