கிளடிஸ் அக்காவுக்குக் கிடைத்த ஐந்து கிழமை

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஒரு வாக்குவாதத்தில் வெல்வதற்காகத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். கதை எழுத இதைவிட மோசமான காரணங்கள் இருக்கலாம். எனக்கு இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், வேலையிடத்தில் கெஞ்சிக் கேட்டு, என் வேலையைக் கிழமைக்கு நான்கு நாளாகக் குறைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை இனி எனக்கு, எழுதுவதற்கு. இந்தச் செய்தியைச் சாப்பாட்டு அறையில் பெருமையாகச் சொன்னபோது, எதிரே இருந்த கிளடிஸ் அக்கா கரண்டியைச் சோற்றுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை முழுக்க என்ன செய்வீர்?"

எழுதுவேன் என்றேன்.

"அது மத்தியானத்துக்கிடையில முடிஞ்சிடாதோ?"

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் சிக்கல். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். வீடு திரும்பும் வழியெல்லாம் பதில்களை யோசித்து, கடைசியில், இந்த மனுசியை வைத்தே ஒரு கதை எழுதி இவருக்குக் காட்டுகிறேன் பார் என்று முடிவெடுத்தேன்.

(அந்த வெள்ளிக்கிழமைகளில் இதுவரை எழுதியவை: மூன்றரைக் கதைகள். அரை, இது. மிச்ச நேரத்தில் உடுப்புத் தோய்த்திருக்கிறேன், பல் வைத்தியரிடம் போயிருக்கிறேன், யன்னலால் பனி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். வீணான நேரம் என்று சொல்ல மாட்டேன். கிளடிஸ் அக்காவிடம் எதையும் சொல்ல மாட்டேன்.)

2

யார் இவர் என்று சொல்லாமலே வந்துவிட்டேன். கிளடிஸ் அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. மன்னார்க்காரி. புலம்பெயர்ந்து வந்து டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் குடியிருப்பின் ஒன்பதாம் தளத்தில் கணவர் அலெக்ஸாண்டருடன் இருக்கிறார். பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கி அனுப்பும் ஒரு கம்பனியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை. கிழமைக்கு ஆறு நாள். ஒரு நாளைக்குப் பதினொரு மணித்தியாலம். ஒன்பது ஆண்டுகள் அவருக்குப் பக்கத்தில் நின்று நானும் தட்டு அடுக்கினேன். பிறகு அதே கம்பனியில் லேபல் சரிபார்க்கும் மேசைக்கு மாறினேன்.

இனித் தொடக்கங்கள்.

தொடக்கம் ஒன்று: 'கிளடிஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அதுவும் அவளைத் திரும்பிப்

(விட்டேன். நாங்கள் தட்டு அடுக்கும் லைனில் சுவர்க் கடிகாரமே இல்லை.)

தொடக்கம் இரண்டு: 'ஆயிரமாயிரம் பேர் விடுமுறைக்குப் பறக்கச் சாப்பாடு அடுக்கியவள் ஒரு நாளும் பறந்ததில்லை.'

இந்த வரியில் நான் ஒரு முழுநாள் மயங்கிக் கிடந்தேன். பொய் வரி. மடு மாதா கோயில் திருவிழாவுக்கு இரண்டு தரம் ஊருக்குப் போய் வந்தவர் அவர். போகும்போது விமானத்தில் தந்த தட்டைத் திறந்து, கரட் குறைவு என்று பணிப்பெண்ணுக்குச் சொன்னவர்.

தொடக்கம் மூன்றில் அவரைக் கொன்றுவிட்டேன்.

3

ஓவர்டைம் பற்றிய கதை என்றால் கடைசியில் யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிய வேண்டும் என்று என் தலைக்குள் ஒரு விதி இருந்தது. ஆகவே 'மேரி' என்று ஒரு பெயர் வைத்து, பதினாலு பக்கம் அவரை வாட்டி எடுத்து, பதினைந்தாம் பக்கத்தில் தட்டு கைநழுவிக் கீழே விழும் ஓசையோடு முடித்தேன். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அந்தக் கலக்கத்தில் ஒரு சந்தோசமும் இருந்ததை இங்கே மறைக்கக் கூடாது.

நான் அவரைப் பற்றி எழுதுவது எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. வேலைக்குப் போய்வரும் வான் வண்டியில் கேட்டு வாங்கினார். 401 நெடுஞ்சாலையில் அன்று நல்ல நெரிசல். முழுவதையும் வாசிக்க நேரம் போதுமாயிருந்தது. வாசித்துவிட்டுத் தாள்களை ஒழுங்காக அடுக்கி, விளிம்பு தட்டி, என் மடியில் வைத்தார்.

"செத்தது பரவாயில்லை," என்றார். "எல்லாரும் சாகிறதுதான். ஆனா பதினாலு பக்கத்தில நான் ஒருக்காக்கூடச் சிரிக்கேல்லையே, நிலாணி. நான் வேலையில எவ்வளவு சிரிக்கிறனான்? நீர் பக்கத்தில நிண்டனீர்தானே."

நின்றேன்தான். புதிதாக வருகிற பிள்ளைகளை மேற்பார்வையாளர் கிளடிஸ் அக்காவின் இடப்பக்கத்தில்தான் நிறுத்துவார். லைன் சிக்கி நின்றால் நாற்பது பேரும் திரும்பிப் பார்ப்பது அவரைத்தான். தட்டில் எந்த மூலைக்கு எது என்று அவர் பாட்டாகவே வைத்திருந்தார். அதற்குப் பஞ்சாப்காரப் பெண்களும் பிலிப்பினோப் பெண்களும் சேர்ந்து பாடுவார்கள், சொல் விளங்காமலே. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பாடுகிறவளை நெஞ்சடைக்கச் செய்வது கடினம். ஆகவே வசதியாக மறந்துபோனேன்.

வரைவைக் கிழித்தேன். தட்டு நழுவும் வரியை மட்டும் வைத்திருக்கிறேன்.*

* வேறு யாருக்காவது உதவும்.

4

இதற்குப் பிறகு கதையை நடத்தியது நான் அல்ல, கம்பனி.

போன மார்ச் மாதம், குளிர் அறைகளை மாற்ற வேண்டும் என்று லைனை ஐந்து கிழமைக்கு மூடினார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளில் கிளடிஸ் அக்காவுக்கு ஒரேயடியாக இவ்வளவு ஓய்வு கிடைத்ததில்லை. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. இதோ, கதைக்கு ஓர் ஆய்வுகூடம் என்று நினைத்தேன். நாளும் தொலைபேசி எடுத்து விசாரித்தேன்.

முதல் கிழமை, அலுமாரிகள் எல்லாவற்றையும் கொட்டி அடுக்கினார். யன்னல்களைத் துடைத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை துடைக்க வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை. அன்றைக்குத்தான், அலெக்ஸாண்டர் அண்ணை ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார் என்று முதல் தடவையாக உட்கார்ந்து பார்த்தார்.

அலெக்ஸ் அண்ணை முதுகு வருத்தத்தால் எட்டு ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டவர். பாவம், நாள் முழுக்க டிவிக்கு முன்னால் தன்னை எதிர்பார்த்து இருக்கிறார் என்றுதான் கிளடிஸ் அக்கா எண்ணியிருந்தார். அந்த எண்ணத்தில், வேலையால் வரும்போது தினமும் அவருக்கு ஏதாவது தின்ன வாங்கிக்கொண்டு வருவார். உண்மையில் அலெக்ஸ் அண்ணையைப் பார்க்க முன்கூட்டியே நேரம் கேட்க வேண்டியிருந்தது. ஒன்பது மணிக்கு நூலகம். பதினொரு மணிக்குச் சமையல். மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம். நாலு மணிக்குக் கீழ்த்தளத்துப் பொது அறையில் கரம் போர்ட் விளையாட்டு. இடையில் யாருக்கோ படிவம் நிரப்பிக் கொடுப்பது, யாருடைய நாயையோ நடக்கக் கூட்டிப்போவது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவரோடு லிஃப்டில் இறங்கியபோது ஏறியவர்கள் எல்லோரும் 'அலெக்ஸ், அலெக்ஸ்' என்றார்கள். இது என் மனைவி என்று அவர் அறிமுகப்படுத்தினார். மூன்றாம் மாடியில் இருக்கும் கயானாக்காரப் பெண்மணி ஒருவர் வியந்துபோய், அலெக்ஸ் தனி ஆள் என்றல்லவா இத்தனை காலமும் நினைத்திருந்தேன் என்று சிரித்தாராம்.

அன்று கிளடிஸ் அக்கா என்னைத் தானாகவே அழைத்து இதைச் சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

(இந்த இடத்தில் 'அவர் கண்களில் நீர்' என்று எழுதினேன். தொலைபேசியில் கண் தெரியாது. அழித்துவிட்டேன்.)

5

எனக்கு ஒரு சின்னக் கட்டுரை எழுத ஆசையாயிருக்கிறது. ஓய்வு நேரம் என்பது வெறும் நேரம் என்று நாம் நினைக்கிறோம். வேலையைக் குறைத்தால் அது தானாக வந்து கையில் விழும் என்று. ஆனால் அந்த நேரத்துக்குள் ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கென்று கதிரைகள் இருக்கின்றன. இருபத்திரண்டு ஆண்டு கழித்து உள்ளே போகிறவர், கதவருகே நின்று எங்கே இருப்பது என்று கேட்கத்தான் வேண்டும். நான்

(கட்டுரை போதும். அவர்கள் கரம் விளையாடப் போய்விட்டார்கள்.)

கரம் கூட்டத்தில் நாலு பேர். அதில் ஒருவர் மகளோடு இருக்கப்போகிறேன் என்று மாசித் தொடக்கத்திலேயே ரெக்ஸ்டேலுக்குப் போய்விட்டார். மிஞ்சியது மூன்று பேர்: அலெக்ஸ் அண்ணை, பன்னிரண்டாம் மாடிச் சிவபாதம் அண்ணை, அவருடைய பழைய சிநேகிதர் அன்ட்ரூ. ஆள் குறைந்ததால் கிளடிஸ் அக்காவை இருக்கச் சொன்னார்கள்.

அவர் விளையாடிய விதத்தை அலெக்ஸ் அண்ணை எனக்கு நடித்தே காட்டினார். மற்றவர்கள் ஒரு காயை அடிக்க முன் சாய்ந்து பார்த்து, நிமிர்ந்து, பவுடர் தூவி, தேத்தண்ணி ஒரு மிடறு குடித்து, அரசியல் இரண்டு வசனம் கதைத்து, பிறகு அடிப்பார்கள். கிளடிஸ் அக்கா தன் முறை வந்த கணத்தில் அடித்தார். குறி தப்பினாலும் கவலையில்லை. அடுத்தவர் ஏன் இன்னும் அடிக்கவில்லை என்பதுதான் கவலை. ஆட்டம் முடிந்த மறுநிமிடம் காய்களை வட்டத்தில் அடுக்கி, 'ம், அடுத்தது' என்றார்.

மூன்றாம் நாள் சிவபாதம் அண்ணை பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்தார்.

"தங்கச்சி, இஞ்ச ஒருத்தரும் பெல் அடிக்க மாட்டினம்."

கிளடிஸ் அக்கா சிரித்துவிட்டார். பதினாலு பக்கத்தில் நான் தராத சிரிப்பு.

ஐந்து கிழமையில் அவர் நல்ல ஆட்டக்காரி ஆனார் என்று எழுத விருப்பம். ஆகவில்லை. இன்றும் அவரோடு சோடி சேர ஆட்கள் கொஞ்சம் தயங்குகிறார்கள். ஆனால் நாலாம் கிழமையளவில், தன் முறை வருவதற்குள் எழுந்து போய்க் கயானாக்காரியோடு கதைத்துவிட்டு வரப் பழகியிருந்தார். யாராவது கூப்பிட்டால்தான் திரும்பி வருவார்.

6

ஐந்தாம் கிழமை கம்பனியிலிருந்து ஒரு படிவம் வந்தது. லைன் திறந்த பிறகு இரண்டு வகை வேலை நேரம் இருக்கும். ஒன்று, பழையபடி ஆறு நாள். மற்றது, நாலு நாள். ஒன்றுக்கு அடையாளம் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். ஓர் ஆண்டுக்கு மாற்ற முடியாது.

அடுத்து நடந்ததை இருவரும் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள். இரண்டு கதையும் ஒன்றுதான், ஓர் இடத்தைத் தவிர: தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததாக அலெக்ஸ் அண்ணை சொல்கிறார், சும்மா நின்றார் என்கிறார் கிளடிஸ் அக்கா. நான் வெங்காயத்தை எடுத்துக்கொள்கிறேன். கைக்கு ஒரு வேலை இருந்தால்தான் சில கேள்விகளைத் தாங்கலாம்.

கிளடிஸ் அக்கா படிவத்தைக் குசினி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"நான் வீட்டில நிண்டா உங்களுக்கு இடைஞ்சலோ? உள்ளதைச் சொல்லுங்கோ."

கையிலிருந்த வெங்காயம் முழுதாக உரிபட்டு முடிந்தது.

"முதல் ரெண்டு கிழமை இடைஞ்சலாத்தான் இருந்தது," என்றார் அலெக்ஸ் அண்ணை. "வேலையை விட்ட புதுசில யன்னலடியில நிண்டு உம்மைக் கொண்டுவாற வானைத்தான் பாத்துக்கொண்டிருப்பன். அது சரிவரேல்லை. அதை விட்டாப் பிறகுதான் எனக்கெண்டு ஒரு நாள் வந்தது. அதுக்குள்ள நீர் திடீரெண்டு வந்து நிண்டா எனக்கும் கொஞ்சம் கஷ்டம்தானே."

"இப்ப?"

"இப்ப நாலு மணிக்கு நீர் உடுப்பு மாத்தி வருமட்டும் லிஃப்டைப் பிடிச்சு வைச்சிருக்கிறன். சனம் பேசுது."

கிளடிஸ் அக்கா ஒரு கத்தியை எடுத்து, மிச்ச வெங்காயத்தை அவரும் உரித்தாராம்.

மறுநாள் என்னிடம் கதைக்கும்போது குரல் தெளிவாக இருந்தது. லைனில் தான் இல்லாவிட்டால் நாற்பது பேருக்குத் தெரியும், அது தனக்கு வேண்டும், அதை விட்டால் தான் யார் என்று தனக்கே சந்தேகம் வரும் என்றார். ஆனால் வேலையில் நின்ற காலத்தில், கீழே ஒரு கதிரை காலியாக இருந்தது தனக்குத் தெரியாது. இனித் தெரியாத மாதிரி இருக்க ஏலாது என்றும் சொன்னார். எது சரி என்று என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நல்ல காலம்.

7

முடிவு அ: ஆறு நாளுக்கு அடையாளம் போடுகிறார். லைனில் பாட்டு மறுபடி தொடங்குகிறது. கரம் மேசையில் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மூன்று பேர். அலெக்ஸ் அண்ணை பழைய நாளுக்குத் திரும்புகிறார், முன்போல முழுச் சுகமாக இல்லாமல்.

முடிவு ஆ: நாலு நாளுக்குப் போடுகிறார். புதுப் பிள்ளைகள் இரண்டு நாள் வேறு யாருக்கோ பக்கத்தில் நின்று வேலை பழகுகிறார்கள். லைன் சிக்கும்போது அவர்கள் வேறு யாரையோ திரும்பிப் பார்க்கப் பழகுகிறார்கள். அது அவருக்கு நோகும். ஆனால் சனிக்கிழமைகளில் லிஃப்ட் அவருக்காகக் காத்து நிற்கும்.

எதைப் போட்டார் என்று எனக்குத் தெரியும். எழுதக் கூடாது என்று தடுத்துவிட்டார். காரணமும் சொன்னார்.

"ஆறு எண்டு எழுதினா, பாவம் மனுசி எண்டு வாசிக்கிறவை சொல்லுவினம். நாலு எண்டு எழுதினா, நீர் வெண்டிட்டதா நினைப்பீர். ரெண்டும் எனக்கு வேண்டாம். நான் நல்லா இருக்கிறன் எண்டு மட்டும் எழுதும்."

நல்லா இருக்கிறார். எழுதிவிட்டேன்.

இதற்கு மேல் ஒரு நல்ல கடைசிப் பந்தி தேவை என்று மூன்று மணித்தியாலமாக மேசையில் இருக்கிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. மே மாதத்து வெயில். சற்று முன் கிளடிஸ் அக்கா அழைத்தார். பூசை முடிந்து, அலெக்ஸ் அண்ணையும் சிவபாதம் அண்ணையும் அவரும் ஏரிக்கரைக்குப் புறப்பட்டிருக்கிறார்களாம், வருகிறேனா என்று கேட்டார். கதையை முடித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமையும் வேலையோ?" என்றார். "முடியாட்டி விடும். கீழதான் நிக்கிறம்."

யன்னலால் பார்த்தேன். காருக்கு வெளியே இறங்கி நின்று மேலே கை காட்டுகிறார்கள். ஆகவே படிவத்தை உங்களிடம் தந்துவிட்டுப் போகிறேன். இரண்டு கட்டம்தான். அவருக்காகப் போட வேண்டாம், அவர் போட்டுவிட்டார். உங்களுக்காக ஒன்றை யோசித்துப் போடுங்கள், அவசரமில்லை. நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே இந்தக் கடைசி வரியை